காட்டுப் புல்லின் உள்வாழ் பூஞ்சைகள்

புல்லின் இலையுறை, தண்டு, விதை ஆகியவற்றுக்குள் வெளியே எந்த நோய்க்குறியும் காட்டாமல் குடியிருக்கும் பூஞ்சைகளை உள்வாழ் பூஞ்சைகள் என்பர். காட்டில் தானாக வளரும் புற்களில் இவை பலவகை. அவற்றுள் அதிகமாக ஆராயப்பட்டது எபிக்ளோயி என்னும் பேரினம். ரை தானியக் கதிரில் கறுப்புக் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் எர்காட் பூஞ்சைக்கு இது நெருங்கிய உறவு. குளிர்ந்த, மிதவெப்ப நாடுகளின் புல்லினங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை எபிக்ளோயியைச் சுமக்கின்றன என்பது ஆய்வாளர் கணிப்பு.

இந்தப் பூஞ்சையைக் கண்ணால் காணப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. இலையுறையின் உட்புறத் தோலை மெல்ல உரித்து, அனிலின் நீலச் சாயத்தில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தால், செங்கல் அடுக்கியதுபோன்ற புல் உயிரணுக்களின் இடைவெளியில் நீல இழைகள் நெளிந்து ஓடுவது தெரியும். அவை உயிரணுவுக்குள் நுழைவதில்லை. சுவர்களுக்கு நடுவே மட்டுமே செல்கின்றன. பொதுவாகப் பூஞ்சை இழை நுனியில்தான் வளரும். ஆனால் எபிக்ளோயியின் இழை பக்கத்து உயிரணுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், இலை நீளும்போது இழையின் நடுப்பகுதியும் சேர்ந்து நீள்கிறது. இலை நின்றால் இதுவும் நிற்கிறது. புல் கதிர் விடும்போது பூஞ்சை சூலுக்குள் ஏறி, விதைக்குள் புகுந்து அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது. பல இனங்களுக்குத் தாயிடமிருந்து மகளுக்கு என்ற இந்த ஒரு வழியைத் தவிர வேறு வழியில்லை.

அறிவியல் இதை முதலில் பார்த்தது ஒரு களையில். கோதுமையோடு கலந்து முளைக்கும் டார்னல் புல்லின் விதை மாவில் சேர்ந்துவிட்டால் உண்டவருக்குத் தலைசுற்றும், கண் மங்கும். அதன் லத்தீன் பெயரிலும் பிரெஞ்சுப் பெயரிலும் ‘போதை’ என்ற பொருள் இருப்பது அதனால்தான். மத்தேயு சுவிசேஷத்தின் உவமையில் பகைவன் இரவில் வந்து விதைத்துப்போகும் களை இதுவே என்பது பரவலான கருத்து. வியன்னாவைச் சேர்ந்த அகஸ்ட் வோகல் 1898-இல் டார்னல் விதையின் தோலுக்கு அடியில் பூஞ்சைப் படலம் இருப்பதைக் கண்டு எழுதினார். சில ஆண்டுகளில், பழைய எகிப்தியக் கல்லறையில் கிடைத்த டார்னல் விதைகளிலும் அதே படலம் காணப்பட்டது. 1930-களில் கேத்லீன் சாம்ப்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், நோயே தெரியாத புற்களிலும் இத்தகைய பூஞ்சை விதைவழி பரவுவதை விளக்கினார். அவரது வேலை உரிய கவனம் பெறாமல் போனது வருத்தத்துக்குரியது. நாற்பது ஆண்டுகள் கழித்து மாடுகள் நோயுற்ற பிறகுதான் உலகம் அதைத் தேடிப் படித்தது.

அந்த மாடுகளின் கதை அமெரிக்காவில் நடந்தது. கென்டக்கி மாநிலத்தின் மெனிஃபி மாவட்டத்து மலைச்சரிவு ஒன்றில் ஐரோப்பாவிலிருந்து வந்த டால் ஃபெஸ்க்யூ புல் பனியையும் வறட்சியையும் தாங்கிச் செழித்திருப்பதை 1931-இல் கவனித்தார்கள். ‘கென்டக்கி 31’ என்ற பெயரில் 1943-இல் அது உழவர்களுக்கு வழங்கப்பட்டு, மேய்ச்சல் நிலமெங்கும் பரவியது. பிறகு அதை மேய்ந்த மாடுகள் கோடையில் மயிர் உதிராமல் வெப்பம் தாங்காது குட்டைகளில் போய் நின்றன. குளிர்காலத்தில் குளம்பும் வால்நுனியும் இரத்த ஓட்டமின்றி அழுகின. சார்லஸ் பேக்கனும் உடன் பணியாற்றியோரும் 1977-இல் காரணத்தைச் சொன்னார்கள்: நோய் உண்டாக்கிய மேய்ச்சல் நிலத்தின் புல்லுக்குள் பூஞ்சை இருந்தது. நியூசிலாந்தில் ரைகிராஸ் மேய்ந்த ஆடுகளுக்கு வரும் தள்ளாட்ட நோய்க்கும் இதே வகைப் பூஞ்சைதான் காரணம் என்று 1981-இல் தெரியவந்தது.

பூஞ்சையை நீக்கிய விதையை விற்பதே முதல் தீர்வாகத் தோன்றியது. மாடுகள் தேறின, ஆனால் புல் தேறவில்லை. பூச்சியும் வறட்சியும் தாக்கிய இடங்களில் அது மெலிந்து அழிந்தது. புல்லைக் காத்தது புல்லின் வலிமை மட்டுமல்ல என்பது அப்போது புரிந்தது. பூஞ்சை உண்டாக்கும் ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருள்களில் எர்கோவேலினும் லோலிட்ரெம்மும் கால்நடையைத் தாக்குபவை. பெராமின், லோலின் ஆகியவை பூச்சியைத் தடுப்பவை. உணவும் உறைவிடமும் புல் தருகிறது, காவல் பூஞ்சை தருகிறது என்ற கருத்தை கீத் கிளே 1988-இல் முழுமையாக முன்வைத்தார். இன்று கால்நடைக்குத் தீங்கில்லாமல் பூச்சியை மட்டும் தடுக்கும் பூஞ்சை வகைகளைத் தேர்ந்து விதையில் ஏற்றி விற்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் மனிதன் விதைத்த புல்லும், அதில் கலந்த களையும். அவற்றில் கண்டதையே எல்லாப் புல்லுக்கும் விதியாக்கியது அவசரம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அவசரத்தைத் தடுத்தவர் ஸ்டான்லி ஃபீத். அரிசோனாவின் பாண்டரோசா பைன் காடுகளுக்கு அடியில் வளரும் அரிசோனா ஃபெஸ்க்யூ என்ற மண்ணுக்குரிய புல்லை அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பெரும்பாலான செடிகளில் பூஞ்சை இருந்தது. ஆனால் வெட்டுக்கிளிகள் அவற்றைத் தவிர்க்கவில்லை. பூஞ்சையுள்ள புல் பல சூழல்களில் மற்றதைவிட நன்றாக வளரவும் இல்லை. ஃபீத்தும் ஃபின்லாந்தின் காரி சாய்க்கோனனும் மற்றவர்களும் 1998-இல் எழுதிய கட்டுரை, இந்த உறவு நட்புக்கும் ஒட்டுண்ணித்தனத்துக்கும் இடையே நீளும் ஒரு தொடர்ச்சி என்றது. மண்ணின் வளமும் மழையும் பூஞ்சையின் மரபும் புல்லின் மரபும் சேர்ந்துதான் ஓரிடத்தில் அது எந்தப் பக்கம் சாயும் என்பதை முடிவு செய்கின்றன.

நியூ மெக்சிகோவின் தூங்கு புல் இதற்கு நல்ல சான்று. சாக்ரமெண்டோ மலையில் கிளவுட்கிராஃப்ட் ஊரருகே இதை மேய்ந்த குதிரை, தலை தொங்கி, நின்றபடியே நாட்கணக்கில் உறங்கும். வெர்னான் பெய்லி 1903-இலேயே இதைப் பற்றி எழுதினார். மயக்கம் லைசெர்ஜிக் அமில அமைடு என்ற ஆல்கலாய்டால் வருவது. அதைச் செய்வது புல்லுக்குள் உள்ள எபிக்ளோயி. ஆனால் அதே புல்லின் வேறு மலைக் கூட்டங்களில் பூஞ்சை இருந்தும் அந்த நஞ்சு இல்லை. சீனாவின் வடமேற்கில் குதிரைகளை மயக்கும் ‘குடிகாரக் குதிரைப் புல்’லும் இதே உறவுமுறையில் வருவதுதான்.

எல்லா எபிக்ளோயியும் விதைக்குள் அடங்கிவிடுவதில்லை. சில இனங்கள் கதிர் வெளிவரும் நேரத்தில் அதைச் சுற்றி வெண்ணிறப் பஞ்சுறைபோல் படர்ந்து பூக்கவிடாமல் நெரித்துவிடுகின்றன. அந்த உறைக்கு பொட்டனோஃபிலா என்ற ஈ வரும். ஓர் உறையில் பூஞ்சை வித்தை உண்டு, அடுத்த உறையில் முட்டையிட்டு, வயிற்றை அதன்மேல் இழுத்துக்கொண்டே எச்சமிட்டுச் செல்லும். குடலில் செரிக்காமல் வந்த வித்து எதிர்ப் பாலினத்தோடு சேர, வெள்ளுறை ஆரஞ்சு நிறமாகிறது. பூவுக்கு வண்டுபோல் பூஞ்சைக்கு ஈ. கூலியாக அதன் புழுக்கள் உறையின் ஒரு பகுதியைத் தின்கின்றன.

வேறு பேரினப் பூஞ்சைகளும் காட்டுப் புல்லில் உண்டு. யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்துச் சூட்டு மண்ணில் வளரும் ஒரு புல்லில் கர்வுலாரியா பூஞ்சை வாழ்கிறது. இரண்டும் சேர்ந்திருந்தால் வேர்ப்பகுதி இடையிடையே 65 டிகிரி செல்சியஸ் வரை சூடானாலும் புல் பிழைக்கிறது. பிரித்தால் இரண்டுமே தாங்குவதில்லை. இது 2002-இல் வெளியானது. 2007-இல் மேலும் ஒன்று தெரிந்தது: அந்தப் பூஞ்சைக்குள் ஒரு வைரஸ் இருக்கவேண்டும். வைரஸை நீக்கினால் வெப்பம் தாங்கும் திறன் போய்விடுகிறது, திரும்பச் சேர்த்தால் வந்துவிடுகிறது. 2020-இல் சீன ஆய்வாளர்கள், கோதுமையின் உறவான ஒரு காட்டுப் புல்லில் கதிர்க்கருகல் நோயைத் தடுக்கும் மரபணு எபிக்ளோயியிடமிருந்து வந்தது என்று காட்டினார்கள். உள்ளே குடியிருந்த பூஞ்சையின் ஒரு துண்டு புல்லின் மரபாகவே ஆகிவிட்டிருந்தது.

நம் பக்கத்தில் எபிக்ளோயி குடும்பத்தின் இன்னொரு முகம் தெரியும். நெற்கதிர் பிரியாமல் சாம்பல் நிறக் குச்சிபோல் விறைத்து வரும் ஊதுபத்தி நோயை உண்டாக்கும் பூஞ்சை எபிக்ளோயியின் உறவினம்தான். அது நெல்லைத் தவிரச் சில புற்களிலும் தங்குகிறது.

புல்வெளிகளை மீட்க விதை சேர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறை வெப்பத்தில் ஈரத்தோடு வைத்த விதையில் பூஞ்சை ஓரிரு ஆண்டில் இறந்துபோகும். விதை அதற்குப் பிறகும் முளைக்கும், செடி பச்சையாகவே தெரியும். உள்ளே இருந்தது இல்லை என்பது வெளியே தெரியாது. உலர்த்திக் குளிர்பதனத்தில் வைத்தால் பூஞ்சை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்.