அளவுமாதிரிப் போர் வாகன உருமாற்றம்

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கிட்டை அறுத்து, நீட்டி, புதுப் பாகங்கள் சேர்த்து, அந்தப் பெட்டியில் இல்லாத ஒரு டாங்கியையோ டிரக்கையோ கவச வண்டியையோ சிற்றுருவில் கட்டி வண்ணம் தீட்டும் கைவினை, அளவுமாதிரிப் போர் வாகன உருமாற்றம் எனப்படும். 1/35 இதில் பெருவழக்கான அளவு. 1/76, 1/72, 1/48 ஆகியவையும் புழங்குகின்றன.

கிட்டைக் குறிப்புத்தாளில் கண்டபடி ஒட்டி முடிப்பது உருமாற்றம் ஆகாது. வெறும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து முழு வண்டியையும் எழுப்புவது உருமாற்றத்துக்கு அடுத்த படி. அதைத் தனிக் கலையாகவே கொள்ள வேண்டும். ஒரு கிட்டின் சக்கரத்தை இன்னொரு கிட்டின் உடலில் மாட்டுவது உருமாற்றத்தின் எளிய வடிவம். உண்மையில் ஓடிய ஒரு வாகனத்தைப் புகைப்படமும் அளவுகளும் வைத்து மீட்டெடுப்பதே இக்கலையின் மையம்.

இக்கலை பிறந்தது பற்றாக்குறையில். 1950களில் அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம் ஷெர்மன் டாங்கியை 1/40 அளவில் வெளியிட்டது. ஆஸ்திரியாவின் ரோக்கோ, ரயில் மாதிரிகளுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்க 1/87 அளவில் சிறு டாங்கிகளை வார்த்தது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1961இல் பாந்தர், ஷெர்மன் முதலிய டாங்கிகளை 1/76 அளவில் கொண்டுவந்தது. விலை குறைவு; பள்ளிச் சிறுவனின் கைச்செலவுக்கும் எட்டியது. ஆனால் போரில் ஓடிய வாகன வகைகளோ நூற்றுக்கணக்கானவை, கடையில் இருந்த பெட்டிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அந்த இடைவெளியை ஆர்வலர்கள் கத்தியாலும் பசையாலும் நிரப்பினார்கள். ஒரு ஷெர்மனை எடுத்து அதிலிருந்து மீட்பு வண்டி, தானியங்கி பீரங்கி, கண்ணிவெடி அகற்றும் வண்டி என்று கிளை பிரிக்கும் கட்டுரைகளை 1960களின் ‘ஏர்ஃபிக்ஸ் மேகசின்’ வரைபடங்களோடு வெளியிட்டுவந்தது. ஒரு தலைமுறைக்கே பாடநூலாக இருந்த இதழ் அது.

1/35 என்ற அளவு வந்த வழி வேறு. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1961 இறுதியில் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டாரும் மின்கலங்களும் உள்ளே அடங்கும்படி உடலின் அகலம் முதலில் முடிவாயிற்று. உண்மை டாங்கியோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டபோது அது ஏறத்தாழ 1/35 ஆக வந்தது. மின்கலத்தின் பருமன் தீர்மானித்த இந்த எண்ணே இன்று உலகத் தரம். அக்காலக் கிட்களின் அடித்தட்டில் மோட்டாருக்காக விட்ட துளைகளைத் தகடு வைத்து அடைப்பதுதான் நெடுங்காலம் உருமாற்றக்காரரின் முதல் வேலையாக இருந்தது.

1970களில் அமெரிக்கச் சிற்றுருக் கலைஞர் ஷெப் பெயின், மோனோகிராம் நிறுவனத்தின் 1/32 கிட்களோடு வந்த துண்டுப் பிரசுரங்களுக்காக முழுக் காட்சிகளை அமைத்துக் காட்டினார். குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கப்பட்ட பொழுதுபோக்கு பெரியவர்களின் கலையாக மதிக்கப்படுவதற்கு அந்தத் தாள்கள் ஆற்றிய பணி மிகப் பெரிது. அவரை அடுத்து பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன், ரெசினில் வார்த்த மாற்றுப் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார். ஆளுக்கு ஆள் தகடு வெட்டிய காலம் அத்தோடு ஓயத் தொடங்கியது.

உருமாற்றத்தின் தன்மையை விளக்க ஷெர்மன் ஃபயர்ஃப்ளையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அந்த டாங்கியே ஓர் உருமாற்றம்தான். அமெரிக்க ஷெர்மனின் 75 மி.மீ. பீரங்கி ஜெர்மானியக் கனரக டாங்கிகளின் முன்கவசத்துக்கு முன் திணறும் என்று கண்ட பிரிட்டிஷ் அதிகாரிகள், தங்கள் 17 பவுண்டர் பீரங்கியை அதற்குள் திணிக்க 1943இல் முயன்றார்கள். சுழல்கூண்டு போதவில்லை. சுட்டவுடன் பின்னோக்கிப் பாயும் குழாய்க்கு அங்கே இடமே இல்லை. விக்கர்ஸ் பொறியாளர் கில்போர்ன் அதிர்வு தாங்கும் உருளைகளைக் குட்டையாக்கிப் பக்கங்களில் அமைத்தார். குண்டு புகட்டும் பின்முனையை 90 பாகை திருப்பினார். வானொலிக் கருவி, கூண்டின் பின்புறம் துளையிட்டுப் பற்றவைத்த கவசப் பெட்டிக்குள் போயிற்று. குண்டு நிரப்புபவருக்குக் கூரையில் தனிக் கதவு திறந்தது. முன்பக்க இயந்திரத் துப்பாக்கி வீரரின் இடம் குண்டுகளுக்குப் போக, அவருடைய துப்பாக்கித் துளை தகட்டால் மூடப்பட்டது. 1944 ஜூனில் நார்மண்டியில் தரையிறங்கிய இவ்வகையில் மொத்தம் 2,000க்கு மேல் செய்யப்பட்டன.

மாதிரி செய்பவரும் இதே வேலைகளை இதே வரிசையில் செய்கிறார். 76.2 மி.மீ. விட்டமும் அதைப்போல் 55 மடங்கு நீளமும் கொண்ட குழாய், 1/35இல் ஏறத்தாழ 120 மி.மீ. வரும். கடைசலில் பிடித்த அலுமினியக் குழாயே இதற்கு உகந்தது. இரு பாதியாக வரும் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிய கோட்டைச் சரியாக உரசாவிட்டால் வண்ணத்தில் தெரியும். பின்பெட்டியை 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் கட்டலாம். வெல்டிங் தழும்புக்கு, பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தைச் சூட்டில் இளக்கி நூலாக இழுத்து, மூட்டில் ஒட்டி, திரவப் பசை தடவி மென்மையானதும் கத்தி முனையால் கீறிவிடுவார்கள். வார்ப்பு எஃகின் சொரசொரப்புக்குப் பழைய தூரிகையால் கெட்டியான பிரைமர் அடிப்பூச்சைக் குத்திக் குத்தி எடுப்பது வழக்கம்.

கடினமானது உடல். ஃபயர்ஃப்ளைகளில் பெரும்பாலானவை எம்4ஏ4 வகை ஷெர்மன் மேல் கட்டப்பட்டவை. ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகப் பிணைத்த கிரைஸ்லர் எஞ்சினுக்காக அதன் உடல் நீட்டப்பட்டிருந்தது. சக்கரத் தொகுதிகளின் இடைவெளியும் கூடியது. மற்ற ஷெர்மன்களில் பெரும்பாலானவற்றின் சங்கிலிப் பட்டையில் பக்கத்துக்கு 79 இணைப்புகள், இதில் 83. எனவே தமியாவின் எம்4ஏ3 கிட்டிலிருந்து தொடங்கியவர் உடலைக் குறுக்கே அறுத்து, இடையில் தகடு வைத்து, ஒவ்வொரு சக்கரத் தொகுதியையும் நகர்த்திப் பொருத்த வேண்டியிருந்தது. இதைச் செய்யாமல் நீண்ட குழாயை மட்டும் மாட்டியவரின் டாங்கி, விவரம் அறிந்தவர் கண்ணில் முதல் பார்வையிலேயே தோற்றுவிடும்.

மாற்றுப் பாகங்களாக வரும் ரெசினைப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. சூப்பர் குளூ வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் தண்ணீர் தொட்டே உரச வேண்டும், முகமூடியும் கட்டாயம். அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டுப் பாகங்களை வளைக்குமுன் சுடரில் காட்டி இளக்கினால் முறியாமல் வளையும்.

கட்டி முடித்த மாதிரி, வெள்ளைத் தகடும் மஞ்சள் பித்தளையும் சாம்பல் ரெசினுமாக ஒட்டுப்போட்டுக் கிடக்கும். ஒரு பூச்சு பிரைமர் அத்தனையையும் ஒரே பொருளாக்கிவிடும். விட்டுப்போன விரிசல்களையும் அதுவே காட்டிக்கொடுக்கும். பிறகு ஏர்பிரஷில் அடிப்படை நிறம். பிரிட்டிஷ் படையின் ஃபயர்ஃப்ளைக்கு ஆலிவ் பச்சை. சிற்றுருவில் நிறம் உண்மையைவிட இருண்டு தெரிவதால் சிறிது வெளிறிய கலவையே சரி. நீண்ட குழாயைக் கண்டு எதிரி முதலில் குறிவைப்பான் என்பதால், அதன் முன்பாதியின் அடிப்பகுதியை வெளிர் நிறத்தில் அலையலையாகத் தீட்டிக் குட்டையாகக் காட்டும் உத்தியைப் படைவீரர்கள் கையாண்டார்கள். நன்கு செய்த மாதிரியில் பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

பளபளப்பு வார்னிஷ் மேல் எண்களையும் சின்னங்களையும் ஒட்டி, மேலே மங்கல் வார்னிஷ் பூசிய பின் பழமையூட்டும் வேலை தொடங்கும். வெர்லிண்டன் காலத்து வழி எளிது: இடுக்குகளில் கருமையான நீர்த்த எனாமல் வாஷ், விளிம்புகளில் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர் தேய்ப்பு. அமெரிக்கர் ஆடம் வைல்டரும் ஸ்பானியர் மிக் ஹிமேனெசும் பரப்பிய புதிய முறையில் ஒவ்வொரு தகடும் மேலே வெளிறியும் கீழே இருண்டும் தனித்தனியாகத் தீட்டப்படுகிறது. தேய்ந்த பெயின்டுக்கு, இரு நிறங்களுக்கிடையே தலைமுடி ஸ்ப்ரே அடித்து, ஈரத் தூரிகையால் மேல்நிறத்தை உரித்தெடுப்பார்கள். கடைசியில் உலர் நிறமித் தூளே புழுதியாகவும் சேறாகவும் படியும்.

ஃபயர்ஃப்ளையை டிராகன் நிறுவனம் 1990களிலும் டாஸ்கா நிறுவனம் அடுத்த பத்தாண்டிலும் முழுக் கிட்டாகவே வெளியிட்டன. இப்போது முப்பரிமாண அச்சில் வரும் பாகங்களும் பரவிவிட்டன.