மலிவு விலை வயர்லெஸ் யுஎஸ்பி மைக்: மூன்று கண்டுபிடிப்புகள் சேர்ந்த கதை

முன்னுரை

சட்டைக் காலரில் மாட்டும் ஒரு சின்ன மைக், கணினியில் செருகும் ஒரு சின்ன ரிசீவர். இவை இரண்டும் சேர்ந்த வயர்லெஸ் யுஎஸ்பி மைக் இன்று ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேலும் விற்கிறது. இணைய வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கும், வீடியோ எடுக்கும் மாணவருக்கும் எதை வாங்குவது என்பது பெரிய குழப்பம். அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்தால் எல்லா மைக்கும் ஒன்றுபோலவே தோன்றும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அதன் வரலாறு உதவும். இந்தக் கருவி ஒன்று போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று தனித்தனிக் கண்டுபிடிப்புகள் உள்ளன. ஒலியை மின்சாரமாக மாற்றும் 'காது', அதைக் காற்றில் அனுப்பும் ரேடியோ, கணினியோடு பேசும் யுஎஸ்பி ஆகியவையே அவை. மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணங்களால் விலை குறைந்தன. அவற்றுள் இரண்டின் சிக்கல் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. ஒன்றின் சிக்கல் இன்னும் தீரவில்லை.

காது மலிவான கதை

1876-ல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றபோது அதில் பேசும் குரல் மிகவும் மெலிதாகவே கேட்டது. இதைச் சரிசெய்தது கார்பன் மைக். குரலின் அதிர்வு கார்பனை அழுத்தும்போது அதன் மின்தடை மாறும். அதற்கேற்ப மின்சாரமும் கூடிக் குறையும். எமில் பெர்லினரும் தாமஸ் எடிசனும் 1877-ல் இதற்காகத் தனித்தனியே விண்ணப்பித்தனர். பின்னர் இதற்காகப் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1878-ல் லண்டனில் டேவிட் எட்வர்ட் ஹியூஸ் ஓர் ஈ நடக்கும் ஓசையைக்கூடக் கேட்க முடிந்த மைக்கைக் காட்டினார். அவர் அதற்குக் காப்புரிமை எதுவும் பெறவில்லை, உலகுக்கே கொடுத்துவிட்டார்.

கார்பன் மைக் தொலைபேசிக்குப் போதுமானது. ஆனால் அதன் இரைச்சல் இசைக்கு ஒத்துவரவில்லை. 1916-ல் அமெரிக்காவில் ஈ. சி. வென்டே உருவாக்கிய கண்டென்சர் மைக் மிகத் தெளிவாக ஒலித்தது. மின்னேற்றம் கொண்ட இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள தூரம் குரலுக்கு ஏற்ப மாறுவதே அதன் அடிப்படை. அந்த மின்னேற்றத்தைத் தக்கவைக்க வெளியிலிருந்து அதிக மின்னழுத்தம் தேவைப்பட்டது. 1928-ல் பெர்லினில் நாய்மன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கண்டென்சர் மைக் சுமார் 3 கிலோ எடை இருந்தது. அதன் உருவத்தைப் பார்த்து 'நாய்மன் பாட்டில்' என்றே அழைத்தார்கள். வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவு நிறுவனங்களும்தான் அதை வாங்க முடிந்தது.

இந்த நிலையை மாற்றியவர்கள் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவர். வெஸ்ட் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். இயற்பியல் படித்தால் கறுப்பினத்தவருக்கு வேலை கிடைக்காது என்று அவருடைய வீட்டில் அஞ்சிய காலம் அது. செஸ்லர் ஜெர்மனியைச் சேர்ந்தவர். மெல்லிய டெஃப்லான் படலத்தில் மின்னேற்றத்தை நிரந்தரமாக நிறுத்திவைக்க முடியும் என்பதை 1962-ல் இவர்கள் நிரூபித்தார்கள். அதிக மின்னழுத்தம் தேவையில்லாமல் போனது. ஒரு சிறிய பேட்டரியே போதுமானது. 1968-ல் சோனி நிறுவனம் இதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 'எலெக்ட்ரெட்' எனப்படும் இந்த மைக்தான் டேப் ரெக்கார்டர், காதுகேட்கும் கருவி, செல்போன் என எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்தது. 1999-ல் இருவரும் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் இடம்பெற்றனர்.

இதன் விளைவு என்ன? இன்றைய மலிவு மைக்கிலும் விலை கூடிய மைக்கிலும் உள்ள 'காது' பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. பேச்சைப் பதிவு செய்யும் அளவுக்கு அது எப்போதோ நன்றாகிவிட்டது.

கணினியோடு சேர்ந்த கதை

முன்பெல்லாம் கணினியில் மைக் செருகுவதற்குச் சிறிய வட்டத் துளைதான் இருந்தது. உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டு மட்டமாக இருந்தால் நல்ல மைக்கிலும் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் வரும். 1996 ஜனவரியில் யுஎஸ்பியின் முதல் பதிப்பு வெளியானது. ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய அதில் முக்கியப் பங்காற்றியவர் பரோடாவில் படித்து இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்த அஜய் பட். 1998-ல் யுஎஸ்பி வழியாக ஒலியை அனுப்புவதற்கென்று பொது விதிமுறை வந்தது. அதன்பின் எந்த நிறுவனத்தின் மைக்கைச் செருகினாலும், தனி மென்பொருள் இல்லாமலே கணினி அதை அடையாளம் கண்டுகொள்ள வழி பிறந்தது. 2005-ல் சாம்சன், புளூ ஆகிய நிறுவனங்களின் யுஎஸ்பி மைக்குகள் சந்தைக்கு வந்தன. வீட்டிலிருந்தே நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது எளிதானது.

ஒரு சிறு கணக்கு இங்கே பயன்படும். நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் என்றால் ஒரு மைக்குக்கு நொடிக்கு 7,68,000 பிட் போதும். பழைய யுஎஸ்பியே நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் பிட் வரை அனுப்பக்கூடியது. எனவே 'அதிவேக யுஎஸ்பி' என்ற விளம்பரத்துக்காக மைக்குக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கம்பி போன கதை

1953-ல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 'வேகபாண்ட்' என்ற வயர்லெஸ் மைக்கை மேடைக் கலைஞர்களுக்காக வெளியிட்டது. காதுகேட்கும் கருவிக்கான பேட்டரிகளில் அது இயங்கியது. அது எட்டிய பரப்பு சுமார் 700 சதுர அடிதான். 1976-ல் நேடி நிறுவனம் ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. இதனால் இரைச்சல் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் ரேடியோ அலைக்கு ஓர் உரிமையாளர் உண்டு. இந்தியாவில் 1933-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. அமெரிக்காவில் மேடை மைக்குகள் பயன்படுத்திவந்த அலைவரிசைகளைச் செல்போன் சேவைக்கு அரசு ஒதுக்கியபோது, 700 மெகாஹெர்ட்ஸ் மைக்குகளின் பயன்பாடு 2010 ஜூனிலும், 600 மெகாஹெர்ட்ஸ் மைக்குகளில் பெரும்பாலானவை 2020 ஜூலையிலும் தடைக்குள் வந்தன. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மைக்குகளைப் பள்ளிகளும் தேவாலயங்களும் நாடகக் குழுக்களும் ஒதுக்கிவைக்க நேர்ந்தது. கருவி பழுதாகவில்லை, அது பயணித்த பாதைதான் பறிபோனது.

மலிவு மைக்குகள் பிறந்தது வேறு பாதையில். 1985-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளில் உரிமமின்றித் தகவல் அனுப்ப அனுமதித்தது. மைக்ரோவேவ் அடுப்புக்கு ஒதுக்கிய, யாரும் விரும்பாத அலைவரிசை அது. வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் வளர்ந்தன. இந்தியாவும் 2005-ல் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்தது. கோடிக்கணக்கில் தயாரானதால் இந்த அலைவரிசைக்கான சில்லுகள் மிக மலிந்தன.

இலவசப் பாதையில் நெரிசல் தவிர்க்க முடியாதது. பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத் ஹெட்செட், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் அதே பாதையில்தான் ஓடுகின்றன. மனித உடலில் உள்ள நீர் இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். இதைவிட வேடிக்கையானது, யுஎஸ்பி 3.0 துளையே 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சலைப் பரப்பும் என்பது. இதை இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் அறிக்கையில் விளக்கியது. மூன்றில் இன்னும் தீராத சிக்கல் இதுதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, புளூடூத் மைக்கா, தனி ரிசீவர் உள்ள மைக்கா என்று பார்க்க வேண்டும். புளூடூத்தின் பழைய அழைப்பு முறை நொடிக்கு 8,000 மாதிரிகளையே எடுக்கும். 2011-ல் வந்த முறையில் 16,000. இசைத் தட்டில் இருப்பதோ 44,100. எனவே அழைப்பில் பேச மட்டும் புளூடூத் போதும். பாடம், பாட்டு, வீடியோ என்றால் தனி ரிசீவர் உள்ளதே நல்லது.

இரண்டாவது, ரிசீவரில் உள்ள யுஎஸ்பி எதற்காக என்று கேட்க வேண்டும். 2019-ல் வந்த ரோட் வயர்லெஸ் கோ மைக்கில் அது சார்ஜ் ஏற்ற மட்டுமே. ஒலி வேறு கேபிளில் வந்தது. 2021-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில்தான் யுஎஸ்பி வழியாகவே ஒலி கிடைத்தது. இன்றும் சில மாடல்களில் இந்த வேறுபாடு உண்டு.

மூன்றாவது, தனி மென்பொருளோ செயலியோ நிறுவினால்தான் வேலை செய்யும் என்றால் தவிர்ப்பது நலம். அந்தச் செயலி நின்றுபோனால் மைக்கும் நின்றுபோகும்.

நான்காவது, பேட்டரி. மலிவு மைக்குகளில் அதை மாற்ற முடியாது. அது தேய்ந்தால் மைக்கும் முடிந்தது. சார்ஜ் ஏறும்போதே வேலை செய்கிறதா என்றாவது பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, வாங்கியதும் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் சோதிக்க வேண்டும். வைஃபை ஓடும் அறையில், ரிசீவருக்கு முதுகைக் காட்டி நடந்தபடி ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து கேட்டால் போதும். குரல் அறுந்து அறுந்து வந்தால் ரிசீவரை யுஎஸ்பி 3.0 துளையிலிருந்து பழைய யுஎஸ்பி துளைக்கு மாற்றியோ, ஒரு நீட்டிப்புக் கேபிளில் தள்ளிவைத்தோ பார்க்கலாம். அப்போதும் சரியாகாவிட்டால் திருப்பிக் கொடுப்பதே சரி.

முடிவுரை

வெஸ்ட்டும் செஸ்லரும் மைக்கின் காதை எல்லோருக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தார்கள். யுஎஸ்பி கணினியின் கதவைத் திறந்தது. மிச்சமிருப்பது இடையில் உள்ள காற்று. குறைந்த பணம் உள்ளவர் 'ஸ்டுடியோ தரம்' என்ற சொல்லுக்காகச் செலவு செய்வதைவிட, அறுபடாத இணைப்புக்காகச் செலவு செய்வதே புத்திசாலித்தனம். எங்கும் நடக்காமல் மேசை முன்னால் உட்கார்ந்தே பேசுபவருக்கு வயர்லெஸ்ஸே தேவையில்லை. அதே பணத்துக்கு ஒரு கம்பி மைக் இன்னும் நன்றாக ஒலிக்கும்.