தஞ்சை உள்ளாலையும் மனையுரிமையும்



தஞ்சை நான்கு ராஜவீதிகளிலும் அவற்றை அடுத்த சந்துகளிலும் வீடு வாங்கிக் குடியேற விரும்பும் நம் சங்கத்தார் சிலர், அவ்விடத்து மனை கொள்ளுதல் தக்கதோ என எம்மை வினவினர். கோயிலும் கடைத்தெருவும் பள்ளியும் சரசுவதி மகாலும் நடக்குந் தொலைவில் இருத்தலின் அவ்விருப்பம் இயல்பே. விலையைப்பற்றிக் கூற யாம் உரியேம் அல்லேம். அம்மனைகள் எவரெவர் கையில் எவ்வெவ்வாறு நின்றன என்பதையே கூறப் புகுந்தாம். விலையினும் அதுவே முன்னர் அறியத்தக்கது.

இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்களில் தஞ்சையின் உள்நகர் ‘உள்ளாலை’ எனவும், புறநகர் ‘புறம்படி’ எனவும் வழங்கும். நித்தவிநோதப் பெருந்தெரு, வீரசோழப் பெருந்தெரு, சாலியத் தெரு, மடைப்பள்ளித் தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி என அந்நாளைத் தெருப்பெயர்களும் அங்காடிப் பெயர்களும் அவற்றிற் பயில்கின்றன. நெய்வாரும் விற்பாரும் நெருங்கி வாழ்ந்த நகரம் அது.

அவற்றுள் நம் பொருளுக்கு மிக வேண்டுவது தளிச்சேரிக் கல்வெட்டு. 1014-ஆம் ஆண்டளவில் இராசராசன், திருவாரூர், திருவையாறு, பழையாறை முதலிய ஊர்க் கோயில்களிலிருந்து ஆடன்மகளிர் 400 பேரை வருவித்துப் பெரிய கோயிலின் பக்கத்தே குடியேற்றினான். தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி எனச் சேரியின் பெயரும், தென்சிறகு, வடசிறகு எனத் தெருவின் பக்கமும், அதன்கண் எத்தனையாவது வீடு என்னும் எண்ணும், அவ்வீட்டாளின் பெயரும், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பதும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. தபாற்காரர் இக்காலத்தும் அம்முகவரி கொண்டு வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்! சிறகு என்னும் அச்சொல் நம் பக்கத்துத் தெருக்களில் இன்னும் வழங்குவதை அன்பர்கள் அறிவர்.

ஒவ்வொருவர்க்கும் ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் விளைவுடைய ஒரு பங்கு வகுக்கப்பட்டது. நட்டுவர், கணக்கர், தச்சர், தையற்காரர், நாவிதர் முதலியோரும் தத்தம் தொழிலுக்கேற்பப் பங்கு பெற்றனர். பங்குடையார் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அடுத்த உறவினர் அக்காணியைப் பெற்றுப் பணி செய்தல் வேண்டும். அவர் தகுதியிலராயின் தகுதியுடையாரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும். உறவினரே இலராயின் அத்தொழிலாரே ஒருவரைத் தேர்தல் வேண்டும். இதனை விற்றுக்கொள்ளலாம் என்னும் சொல் அங்கே இல்லை. பணியே அவர்க்கு மூலப்பத்திரம் என்க. பெண்ணின் பெயரால் வீடும் பங்கும் எழுதப்பட்டது பெருமையே. ஆயினும் பணி நீங்கின் பங்கும் நீங்கும் என்பதை மறைத்துப் பெருமை பேசுதல் முறையன்று.

விற்பனை அக்காலத்து இல்லாமலில்லை. சோழர் காலத்து நிலவிற்பனையில் நான்கெல்லையும் குறித்து ‘விலையாவணம்’ எழுதினர். விலைப்பொருள் முற்றும் கைப்பட்டது என்பதற்குப் ‘பொருட்செலவோலை’ எனவும் கூறினர். ஆவணமும் பற்றுச்சீட்டும் இரண்டும் வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

பின்னர் நாயக்க மன்னர் அரண்மனையும் கோட்டையும் எழுப்ப, அரண்மனையைச் சூழ்ந்த வீதிகள் நகரின் நடுவாயின. மராட்டியர் காலத்தில் சியாமா சாஸ்திரிகளும், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வரும் மேலவீதியில் வாழ்ந்தனர். அரசனை அடுத்து வாழ்தல் அச்சமற்ற வாழ்வு என எவரும் எண்ணியிருப்பர். 1855-இல் சிவாஜி மன்னர் ஆண் மகவின்றி இறக்கவே, கும்பினியார் அரசை மட்டுமன்றி அரண்மனைப் பொருள்களையும் கைப்பற்றினர். அரசி காமாட்சிபாயி வழக்காடிச் சென்னையில் வென்றார். 1859-இல் பிரிவி கவுன்சிலோ, அஃது அரசச் செயலாதலின் நீதிமன்றம் தலையிடற்கில்லை என்று அத்தீர்ப்பை மாற்றிற்று. 1862-இல் அரசாங்கம் தன் கருணையால் அரசியர்க்குச் சொத்தை மீள அளித்தது. உரிமையாயிருந்தது கொடையாய்த் திரும்பியது. அரசியின் நிலை இதுவாயின், அரண்மனைச் சோற்றை நம்பி அவ்வீதிகளில் வாழ்ந்த எளியோர் என் செய்திருப்பர்!

சட்டம் இன்று தெளிவாகவே உள்ளது. 1882, 1908-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி 100 ரூபாயும் அதன் மேலும் மதிப்புள்ள மனையின் விற்பனை பதிவு செய்யப்படல் வேண்டும். ஆயினும் வில்லங்கச் சான்று பதிவானவற்றையே காட்டும். வாய்மொழிப் பாகத்தைக் காட்டாது. எம் உறவினர் ஒருவர் இதனைப் பட்டறிந்தார். முப்பதாண்டு வில்லங்கம் பார்த்து, உடன்பிறந்தார் இருவர் கையெழுத்தும் பெற்று, உள்நகரில் ஒரு வீடு வாங்கினார். அவ்வீட்டின் இரண்டாங்கட்டில் ஓர் அம்மையார் சமைத்துக்கொண்டிருந்தார். விருந்தினர் என எண்ணி அவர் கொடுத்த மோரையும் பருகி வந்தார் எம் உறவினர். அவ்வம்மையார் விற்றவரின் தமக்கை. தந்தை சொத்தில் பங்குடையவர். வழக்குப் பல்லாண்டு நடந்தது. இறுதியில் அவர் பங்கிற்குத் தனியே விலை கொடுக்க நேர்ந்தது.

உயில் எழுதாது இறந்த தந்தையின் தனிச்சொத்தில் 1956 முதலே மகளுக்கும் மகனோடு ஒத்த பங்குண்டு. கூட்டுக் குடும்பச் சொத்திலும் 1989-இல் தமிழ்நாடு மணமாகாத மகளிர்க்குப் பிறப்புரிமை அளித்தது. 2005-இல் மத்தியச் சட்டம் மணமான மகளிர்க்கும் அதனை விரித்தது. ஆதலின் வாங்குவோர் இரண்டாங்கட்டு வரை சென்று, அங்கிருப்பார் யாவர், எவ்வுரிமையால் இருக்கின்றனர் என வினவுக. பொதுச்சுவர் எவருடையது, கொல்லை வழி பின்சந்துவரை செல்கின்றதா, திண்ணையிற் கடை வைத்திருப்பார் வாடகைக்காரரா என்பனவும் அவ்வாறே.

இவை தெளிந்தபின் குடியேறுவோர்க்கு அவ்விடம் இனியதே. விடியற்காலையிற் கீரைக்காரியின் குரலும் இரவிற் கோயில் மணியும் உறக்கத்தைக் கலைக்கும். அதற்கு மனம் ஒருப்படல் வேண்டும். நெடுங்காலம் நின்றிருந்த பெரிய கோயிற் தேர் 2015-இல் மீண்டும் ராஜவீதிகளில் உலா வந்தது. அன்று வீதியிலிருந்த எம் மாணாக்கன் வீட்டு மாடியில் நாற்பது பேருக்கு மேல் நின்றோம். அவ்வீட்டுப் பாட்டியார் அனைவர்க்கும் பானகம் கொடுத்தார்.