ஆளுக்கு ஒரு டாலர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைப் பக்கம் போனால், ஏதாவது ஒரு நோயின் பெயரைப் பனியனில் அச்சடித்துக்கொண்டு பிள்ளைகள் கூட்டமாக ஓடுவதை அடிக்கடி பார்க்கிறோம். "இவர்கள் ஓடினால் நோய் போய்விடுமா?" என்று நம் வயதுக்காரர்கள் கேட்பதுண்டு. நானும் கேட்டவன்தான். டெர்ரி ஃபாக்ஸின் வரலாற்றைப் படித்த பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

டெர்ரி ஃபாக்ஸ் கனடாக்காரர். 1958-இல் பிறந்தவர். கல்லூரியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த பையனுக்கு வலது முழங்காலில் வலி வந்தது. ஆட்டக் காலம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் அது எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. முழங்காலுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் மேலே காலை எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 18.

பிழைக்க 50 சதவீதம் வாய்ப்பு உண்டு என்று சொன்னார்கள். இரண்டு ஆண்டு முன்னால் வந்திருந்தால் அது 15 சதவீதம்தான் என்பதும் அவருக்குத் தெரியவந்தது. இரண்டே ஆண்டில் இவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவந்தது மருத்துவ ஆராய்ச்சி. அந்தக் கணக்கு அவர் மனதில் பதிந்துவிட்டது. பதினாறு மாதம் கீமோதெரபி எடுத்துக்கொண்டபோது, கூட இருந்த நோயாளிகள் இறந்துபோவதையும் பார்த்தார். அதனால்தான் பின்னாளில் ஆராய்ச்சிக்கென்றே பணம் திரட்டக் கிளம்பினார்.

கனடாவைக் கிழக்கிலிருந்து மேற்குவரை ஓடியே கடப்பது என்று முடிவு செய்தார். அதற்கு ஓராண்டுக்கு மேல் பயிற்சி. அம்மா கேட்டுக்கொண்டதற்காகக் கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் மட்டும் ஓடாமல் இருந்தாராம். உதவி கேட்டு எழுதியதில் ஒரு நிறுவனம் வண்டி கொடுத்தது, ஒன்று எரிபொருள், ஒன்று காலணி. தங்கள் பொருளுக்கு விளம்பரம் செய்யச் சொன்னவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

1980 ஏப்ரல் 12-ஆம் தேதி, நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட்டார். நண்பர் ஒருவர் வண்டியோட்டிக்கொண்டு கூடவே வந்தார். இன்றுள்ள வளைதகடு போன்ற ஓட்டக் கால்கள் அன்று கிடையாது. நல்ல காலால் ஒரு தத்து தத்தி, செயற்கைக் காலை ஊன்றி, மறுபடி தத்துவார். காலின் முனை புண்ணாகும், கொப்புளம் போடும். அப்படியே நாளைக்குச் சுமார் 42 கிலோமீட்டர், அதாவது தினம் ஒரு மாரத்தான்.

தொடக்கத்தில் பனியும் காற்றும்தான் துணை. பல இடங்களில் ஏனென்று கேட்க ஆளில்லை. ஆனால் சுமார் 10,000 பேர் வாழும் போர்ட் ஆ பாஸ்க் என்ற சிற்றூர் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர்! நாட்டின் 2 கோடியே 40 லட்சம் பேரும் இப்படிக் கொடுத்தால் என்ன என்பதே பிறகு அவருடைய இலக்காயிற்று. ஜூலையில் டொரண்டோ நகரை எட்டியபோது வரவேற்க 10,000 பேர் கூடிவிட்டார்கள்.

செப்டம்பர் 1-ஆம் தேதி, தண்டர் பே நகருக்கு அருகில் இருமலும் நெஞ்சுவலியும் வந்தன. சாலையோரம் ஜனங்கள் காத்திருக்கிறார்களே என்று இன்னும் சில மைல் ஓடினார். பிறகு வண்டியில் ஏறி, மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். பசிபிக் கடலை அவர் எட்டவில்லை.

ஆனால் 1981 பிப்ரவரிக்குள் நிதி 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆளுக்கு ஒரு டாலர் கணக்கு நிறைவேறியதை அவர் உயிரோடு இருந்து பார்த்தார். அந்த ஜூன் 28-இல் காலமானார். 23 வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரால் தொடங்கிய ஓட்டம் இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. நம் சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது. இதுவரை சேர்ந்தது 80 கோடி கனடா டாலருக்கு மேல்.

எலும்புப் புற்றுநோய் வந்த பலருக்கு இன்று காலை எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றிவிடுகிறார்கள். அதுவும் ஆராய்ச்சி தந்ததுதான். அவருக்குக் கிடைக்காதது, யாரோ பெற்ற பிள்ளைக்குக் கிடைக்கிறது. அடுத்த முறை பனியன் போட்ட பிள்ளை யாராவது நன்கொடை கேட்டு வந்தால், எதற்கு, யாருக்குப் போகிறது என்று விசாரியுங்கள். சரியாகப் பட்டால் முடிந்ததைக் கொடுங்கள்.