பீப்பாய் மகளான கதை

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. கல்வராயன் மலை உச்சிக்குப் போனாலும் தெரியாது. ஆனாலும் திமிங்கலச் சுறா பற்றித் தேட ஆரம்பித்தால் விட முடியவில்லை.

பேரில்தான் திமிங்கலம், ஆள் மீன். செவுளால் மூச்சு விடுகிறது. உலகத்திலேயே பெரிய மீன். வாயில் ஆயிரக்கணக்கில் குட்டிப் பற்கள், ஆனால் கடிக்காது. மிதவை உயிர்களை வடிகட்டித் தின்னும். 1995-இல் தைவானில் பிடிபட்ட ஒன்றின் வயிற்றில் 300 குட்டிகள் இருந்தன.

1889-இல் சென்னைக் கரையில் ஒன்று ஒதுங்கியது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அதைப் பதிவு செய்தார். நூறு வருஷம் கழித்து குஜராத்தில் கதையே வேறு. கறிக்கும், படகில் பூசும் ஈரல் எண்ணெய்க்கும் கொன்றார்கள். கொக்கியோடு பீப்பாய்களைக் கட்டி மீனை அசத்திப் பிடித்ததால், மீனுக்கே 'பேரல்' என்று பெயர் வந்துவிட்டது.

2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். ஒரு மீனுக்கு இந்தியாவில் அந்தப் பாதுகாப்பு அதுவே முதல்முறை. ஆனால் சட்டம் வந்த சேதி பல மீனவர்களுக்குத் தெரியவே இல்லை.

2004-இல் ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, 'இது பிரசவத்துக்குப் பிறந்த வீடு வரும் மகள்' என்று பேசினார். பெயரும் 'வாலி' ஆனது. நம்ம கிஷ்கிந்தை வாலி இல்லைங்க, குஜராத்தியில் செல்லமானவள்! அதன்பின் மீனவர்களே வலையை அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களை விடுவித்திருக்கிறார்கள். அறுந்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. மகள் என்ற சொல்லும் அந்தக் காசும் சேர்ந்துதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.