நீல விளக்கும் கார்போகரிசியும்

எங்க கே.கே. நகர் பக்கம் "முகப்பருவுக்கு நீல ஒளி சிகிச்சை" என்ற விளம்பரத்தைப் பார்த்தால், ஏதோ நேத்து வந்த டெக்னாலஜி மாதிரி தோணும். இதன் கதை 1890-களில் கோபன்ஹேகனில் தொடங்குகிறது.

நீல்ஸ் ஃபின்சென் என்ற டாக்டர் கார்பன் ஆர்க் விளக்கின் ஒளியை லென்ஸில் குவித்து, முகத்தை அரிக்கும் தோல் காசநோயைக் குணப்படுத்தினார். 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியைக் கொல்வது புற ஊதாக் கதிர் என்பது அன்றைய கணக்கு. 2005-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் அவருடைய கருவிகளையே எடுத்து அளந்தார்கள். 340 நானோமீட்டருக்குக் கீழே எதுவுமே தோலுக்குப் போய்ச் சேரவில்லை! அப்ப வேலை செஞ்சது எது? கிருமிக்குள் இருக்கும் போர்ஃபிரின் என்ற நிறமி. ஒளி பட்டதும் அது வீரியமான ஒருவகை ஆக்சிஜனை உண்டாக்கிக் கிருமியை அழித்திருக்கும் என்றார்கள். புரோகிராம் சரியா ஓடுது, காரணம் நூறு வருஷம் கழிச்சுத் தெரியுது.

முகப்பரு பாக்டீரியாவிலும் போர்ஃபிரின் உண்டு. அது நன்றாக உறிஞ்சுவது சுமார் 415 நானோமீட்டர் நீல ஒளியை. அதனால்தான் நீல விளக்கு. ஆனாலும், பருவுக்கான ஒளி சிகிச்சைகளுக்குத் தரமான ஆதாரம் போதவில்லை என்றே 2016-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது.

இனி நம்ம ஊர் சரக்கு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியைப் பூசி வெயில் காட்டுவது வெண்புள்ளிக்குப் பழைய வைத்தியம். 1933-ல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் ஆகிய நம் வேதியியலாளர்கள் இந்த விதையிலிருந்து சோரலெனைப் பிரித்தெடுத்தார்கள். சோரலென் வகை மருந்தோடு புற ஊதா-ஏ கதிரைச் சேர்த்த 'பூவா' சிகிச்சை 1974-ல் அமெரிக்காவில் சோரியாசிஸுக்கு வந்தது.

இரண்டும் ஒளி சிகிச்சைதான், ஆனால் குறி வேறு. நீல ஒளி கிருமியின் நிறமியைத் தாக்குகிறது. சோரலென் நம் செல்லின் டி.என்.ஏ.-விலேயே போய் ஒட்டுகிறது. அளவு தப்பினால் கொப்புளம். நாள்பட்டால் தோல் புற்றுநோய் அபாயமும் உண்டு.

இப்ப பருவுக்கு விற்கும் 'பகுச்சியால்' சீரம்களின் மூலப்பொருளும் இதே விதையிலிருந்து 1966-ல் பிரித்தெடுக்கப்பட்டதுதான். ஆனால் சுத்திகரித்த பகுச்சியால் வேறு, முழு விதை வேறு. விதைப்பொடியில் சோரலெனும் சேர்ந்தே வரும். "சீரம் எதுக்கு, பொடியே வாங்கிப் பூசிக்கலாமே" என்று யோசிப்பவர்களே, அதைப் பூசிக்கொண்டு மதுரை வெயிலில் மட்டும் இறங்கிவிடாதீர்கள்.