ஒரு கைதட்டலும் ஒரு கிண்ணம் தயிரும்

1972 ஜூலை 23ஆம் தேதி, ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரில், உலக சதுரங்கப் பட்டத்துக்கான ஆறாவது ஆட்டம் முடிந்தது. பாபி ஃபிஷர் ஜெயித்தார். சபை கைதட்டியது. தோற்றுப்போன போரிஸ் ஸ்பாஸ்கியும் சபையோடு சேர்ந்து கைதட்டினார்.

சதுரங்க சரித்திரத்தில் எனக்குப் பிடித்த நிமிஷம் இது. பிடித்திருப்பதாலேயே இதைச் சந்தேகிக்கவும் வேண்டியிருக்கிறது. அந்தக் கைதட்டலை என்னவென்று சொல்வது? பண்பு என்றால் அது நம் சமூகத்தில் மலிவாகிப்போன வார்த்தை. பலவீனம் என்றும் சொல்லலாம், அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஸ்பாஸ்கி பட்டத்தை இழந்து மாஸ்கோ திரும்பியபோது, விளையாட்டு அதிகாரிகள் முன் பதில் சொல்ல வேண்டியிருந்த காரியங்களில் ஃபிஷரிடம் காட்டிய தாராளமும் ஒன்று. முதல் ஆட்டத்தில் தோற்று, காமிராக்களைச் சாக்கிட்டு இரண்டாவது ஆட்டத்துக்கு வராமலே அதையும் இழந்த ஃபிஷருக்காக, மூன்றாவது ஆட்டத்தை மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஆட சம்மதித்தவர் ஸ்பாஸ்கி. அன்றே பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பியிருந்தால் பட்டம் அவரிடமே இருந்திருக்கும். அவர் உட்கார்ந்து ஆடினார், தோற்றார். கடைசிக் கணக்கு ஃபிஷருக்கு 12½, ஸ்பாஸ்கிக்கு 8½.

ஆட்டத்தில் மரியாதை என்பது என்ன, அதன் விலை என்ன, விலை கொடுப்பவர் யார்? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு சதுரங்கத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டலாம் என்று தோன்றுகிறது.



அச்சேறிய மிகப் பழைய சதுரங்க நூல்களில் ஒன்று ஸ்பெயின்காரர் லுஸேனா 1497இல் வெளியிட்டது. ஆட்ட நுணுக்கங்களோடு அதில் ஒரு புத்திமதியும் இருக்கிறது. பகலில் ஆடினால் எதிராளியின் கண்ணில் வெயில் படும்படி பலகையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார். 1561இல் வந்த ரூய் லோபஸின் நூலிலும் இதே யோசனை உண்டு. லோபஸ் ஒரு பாதிரியார். ஆக, இந்த ஆட்டத்தின் சாஸ்திரமும் குயுக்தியும் ஒரே அட்டைக்குள் பிறந்தவை. ஆதியில் ஒரு பொற்காலம் இருந்தது, பிறகுதான் எல்லாம் கெட்டது என்ற வழக்கமான புலம்பலுக்கு இங்கே இடமில்லை.

மரியாதை பிறகுதான் வந்தது. அதை வரிசைப்படுத்தி எழுதியவர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். 1786இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளியான அவருடைய கட்டுரை, சதுரங்கத்தின் நீதிநெறி பற்றியது. எதிராளியை அவசரப்படுத்தாதே, அவன் யோசிக்கும்போது பாடாதே, சீட்டியடிக்காதே, கடிகாரத்தைப் பார்க்காதே, புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்காதே, காலால் தரையையும் விரலால் மேஜையையும் தட்டாதே, தப்பாக ஆடிவிட்டதாகப் பாசாங்கு செய்து அவனை ஏமாற்றாதே, ஜெயித்தால் கொக்கரிக்காதே. தடைகளின் பட்டியல் என்பது எப்போதும் பழக்கங்களின் பட்டியல். இத்தனையையும் செய்கிறவர்கள் நாலு பக்கமும் இருந்ததால்தான் இத்தனையையும் எழுத வேண்டியிருந்தது.

இந்தப் பட்டியலை நான் முதலில் படித்தபோது கடிகாரம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சில வருஷங்களுக்கு முன், வங்கி ஊழியர்களுக்கான ஒரு போட்டியில், ஓய்வு பெறப்போகும் வயதிலிருந்த ஒரு தலைமைக் காசாளரோடு ஆடினேன். அவர் நிதானமாக யோசிக்கிறவர். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், கொட்டாவி விட்டேன், பக்கத்து மேஜையைப் பார்த்துச் சிரித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தன் ராஜாவைச் சாய்த்துவிட்டு, “நல்லா ஆடினீங்க தம்பி” என்று கை கொடுத்தார். அன்றிரவு வீட்டில் காய்களை அதே நிலையில் வைத்துப் பார்த்தேன். அவர் தோற்கவில்லை. குதிரையை ஒரு கட்டம் பின்னுக்கு எடுத்திருந்தால் எனக்குத்தான் திண்டாட்டம். நான் ஜெயித்தது காயால் அல்ல, கொட்டாவியால். இதை அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வசைக்கு வார்த்தை அவசியமில்லை என்று அன்று தெரிந்தது.



சதுரங்கத்தின் மௌனத்தைச் சாந்தி என்று எடுத்துக்கொள்வது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் பிரமை. பேச்சைத் தடுத்தால் பகைமை வேறு வாகனம் தேடிக்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வாகனம் காலம். 1851இல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் எலைஜா வில்லியம்ஸ் என்பவர் ஒவ்வொரு காய் நகர்த்தலுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் பிரசித்தம். அவரிடம் தோற்ற ஹோவர்ட் ஸ்டாண்டன் போட்டி பற்றி எழுதிய புத்தகத்தில் அந்த ஆற்றாமை தெரிகிறது. எவ்வளவு நேரம் யோசிப்பது என்பது அதுவரை கனவான்களின் மனச்சாட்சிக்கு விடப்பட்ட விஷயம். கனவான்களின் மனச்சாட்சி போதாது என்று தெரிந்ததும் 1861இல் ஆண்டர்ஸனுக்கும் கோலிஷுக்கும் நடந்த ஆட்டங்களில் மணல் கடிகாரங்களை வைத்தார்கள். 1883இல், மீண்டும் லண்டனில், ஒன்றை நிறுத்தினால் மற்றது ஓடும் இரட்டைக் கடிகாரம் வந்தது. மனிதனிடம் ஒப்படைத்திருந்த மரியாதையைப் பிடுங்கி யந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். ஆட்ட விதிகளின் சரித்திரம் முழுவதும் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. ஒவ்வொரு விதிக்கும் அடியில் ஒரு பழைய அவமானம் புதைந்திருக்கிறது. எதிராளியை எந்த விதத்திலும் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லும் இன்றைய சர்வதேச விதி, மறுபடி மறுபடி டிரா கேட்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. சமாதானம் கேட்பதே ஒரு சீண்டலாக முடியும் என்பதை அனுபவித்தவர்கள் எழுதிய விதி அது.

இந்த மௌனப் பகைமை உச்சத்தைத் தொட்டது 1978இல், பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில். ஒரு பக்கம் அனடோலி கார்ப்போவ், சோவியத் ஸ்தாபனத்தின் செல்லப்பிள்ளை. மறுபக்கம் விக்டர் கோர்ச்னாய், 1976இல் ஆம்ஸ்டர்டாமில் ஆடப் போன இடத்தில் சோவியத் நாட்டைத் துறந்தவர். அவருடைய மனைவியும் மகனும் இன்னும் உள்ளே. இரண்டாவது ஆட்டத்தின்போது கார்ப்போவுக்கு ஒரு கிண்ணம் தயிர் வந்தது. கோர்ச்னாய் தரப்பு ஆட்சேபித்தது: தயிர் வரும் நேரமும் அதன் நிறமும் ஒரு ரகசியச் சமிக்ஞையாக இருக்கலாம் அல்லவா? விஷயம் நடுவர்களிடம் போய், இனி ஒரே வகைத் தயிர், குறிப்பிட்ட நேரத்தில் என்று தீர்மானமாயிற்று. நாற்காலிகளை எக்ஸ்ரே எடுத்தார்கள். கோர்ச்னாய் எதிராளியின் பார்வை தாக்காமலிருக்கக் கண்ணாடி போல் பளபளக்கும் மூக்குக்கண்ணாடி அணிந்து வந்தார். கார்ப்போவின் குழுவில் ஸுகார் என்ற மனோதத்துவக்காரர் சபையில் உட்கார்ந்து கோர்ச்னாயை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மாற்றாகக் கோர்ச்னாய் ஆனந்த மார்க்கத்தைச் சேர்ந்த இருவரைக் கூட்டி வந்து சேர்த்துக்கொண்டார். அவர்கள் கொலைமுயற்சி வழக்கொன்றில் தண்டனை பெற்று ஜாமீனில் இருந்தவர்கள். எட்டாவது ஆட்டத்தின் தொடக்கத்தில் கோர்ச்னாய் நீட்டிய கையைக் கார்ப்போவ் தொடவில்லை. அதன் பிறகு கைகுலுக்கல் இல்லை. முதலில் ஆறு வெற்றி பெறுகிறவருக்குப் பட்டம் என்பது ஏற்பாடு. ஐந்துக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்த கோர்ச்னாய் ஐந்துக்கு ஐந்து என்று எட்டிப் பிடித்து, முப்பத்திரண்டாவது ஆட்டத்தில் தோற்றார்.

இதைக் கேலிக்கூத்து என்று எழுதிச் சிரித்தவர்கள் நிறைய. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதனின் குடும்பம் பணயமாக இருக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவனைத் திட்டவும் விதி அனுமதிக்கவில்லை என்றால், தயிர்தான் பேச வேண்டியிருக்கிறது. நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தில் காசுக்கு ஆடுகிறவர்கள் ஓயாமல் சவடால் பேசியபடியே ஆடுகிறார்கள். அங்கே பேச்சு ஆட்டத்தின் ஓர் அங்கம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தச் சவடால் ஆட்டத்தோடு முடிந்துபோகிறது. பாகியோவின் மௌனம் முடியவே இல்லை. எது அதிக வன்மம் கொண்டது?



மரியாதையின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது.

1994, ஸ்பெயினின் லினாரெஸ். பதினேழு வயது யூதித் போல்கார், உலகச் சாம்பியன் காஸ்பரோவோடு ஆடுகிறார். காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து, ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் விரலை எடுத்துவிட்டு, மறுபடி தூக்கி வேறு கட்டத்தில் வைத்தார். காயை விட்டுவிட்டால் விட்டதுதான் என்பது குழந்தைகளுக்கும் தெரிந்த விதி. காமிராவில் அது பதிவாகியிருந்தது. போல்கார் நடுவரை அழைக்கவில்லை, ஆட்டத்தில் தோற்றார். அடுத்த வருஷம் நியூயார்க்கில், உலக வர்த்தக மையத்தின் 107ஆம் மாடியில், காஸ்பரோவுக்கு எதிரே விஸ்வநாதன் ஆனந்த். எட்டு ஆட்டங்கள் டிராவாகி ஒன்பதாவதை ஆனந்த் ஜெயித்தார். பத்தாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் வீட்டிலேயே தயாரித்து வந்த யானைப் பலியை மளமளவென்று ஆடிவிட்டு, ஒவ்வொரு முறை எழுந்து போகும்போதும் கதவை அறைந்து சாத்தினார். ஆனந்த் அந்த ஆட்டத்திலும் தோற்றார், 10½ க்கு 7½ என்று போட்டியிலும் தோற்றார்.

ஆனந்தைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதிய விதம் கவனிக்க வேண்டியது. அடக்கமானவர், சாது, பண்பான பிள்ளை. சென்னை மத்தியதரக் குடும்பம் தன் சாயலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்ட வார்த்தைகள் இவை. எனக்கு இந்தப் புகழ்ச்சியில் கொஞ்சம் அருவருப்பு உண்டு. உயரத்தில் இருப்பவன் கதவை அறையலாம், அது அவனுடைய உக்ரம், மேதைமையின் அடையாளம். புதிதாக வந்தவன், பெண்ணாக இருப்பவள், வேறு தேசத்தான் மட்டும் பொறுத்துப் போக வேண்டும், அது அவர்களுடைய பண்பு. இந்தக் கணக்கில் மரியாதை என்பது கீழே இருப்பவர்களிடம் வசூலிக்கும் வரியாகிவிடுகிறது.

ஆனால் 2010 சோஃபியா வேறு கதை. ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் விமானங்களை நிறுத்திவிட, சாம்பியன் ஆனந்த் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ஏறக்குறைய 40 மணி நேரம் சாலை வழியே போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார், ஒரு நாள் கிடைத்தது. டோபலோவ் தரப்போ, போட்டி முழுவதும் ஆனந்தோடு பேசுவதில்லை, டிரா கேட்பதில்லை என்று அறிவித்திருந்தது. முதல் ஆட்டத்தில் தோற்ற ஆனந்த், கடைசியான பன்னிரண்டாவது ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு ஜெயித்துப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். இங்கே அவருடைய மௌனம் பொறுத்துப்போதல் அல்ல. திருப்பி அடிக்கத் தெரிந்தவனின் மௌனம்.

இதற்கிடையில் மரியாதையைச் சட்டமாக்கியும் பார்த்தார்கள். கை குலுக்க மறுத்தால் ஆட்டம் போகும் என்று உலக சதுரங்க சம்மேளனம் 2007இல் விதித்தது. 2008 ஜனவரியில் ஹாலந்தின் வைக் ஆன் ஸே நகரில் நைஜல் ஷார்ட் நீட்டிய கையைச் செபாரினோவ் தொடவில்லை. ஷார்ட்டுக்கு வெற்றி என்றார்கள். பிறகு மேல்முறையீட்டில், மறுநாள் கை குலுக்கிவிட்டு ஆடும்படி தீர்ப்பாயிற்று. ஆடினார்கள், ஷார்ட் ஜெயித்தார். கையைக் குலுக்க வைக்கலாம். அதற்கு மேல் சட்டத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.



2025 ஜூன் 1ஆம் தேதி நார்வேயில் கார்ல்ஸன் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை குகேஷிடம் கோட்டைவிட்டு மேஜையை முஷ்டியால் குத்தினார். காய்கள் துள்ளி விழுந்தன. உடனே மன்னிப்பும் கேட்டார், போகும்போது பையனின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். அது அசிங்கம், ஆனால் நிஜம். அதே வருஷம் அக்டோபரில் டெக்ஸாஸின் ஆர்லிங்டனில், மின்னணு விளையாட்டுக்கென்று கட்டிய அரங்கில், நாகமுரா குகேஷை ஜெயித்ததும் அவருடைய ராஜாவைத் தூக்கி ஜனக்கூட்டத்தில் எறிந்தார். கூட்டம் ஆரவாரித்தது. இப்படி ஏதாவது செய்யும்படி ஏற்பாட்டாளர்களே ஊக்கப்படுத்தியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. கார்ல்ஸனின் முஷ்டியை என்னால் மன்னிக்க முடிகிறது. எறியப்பட்ட ராஜாவை முடியவில்லை. வாஷிங்டன் சதுக்கத்தின் சவடாலில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு, பாகியோவில் வலி உண்டு. இதில் டிக்கெட் மட்டும் இருக்கிறது.

ஃப்ராங்க்ளினைப் பற்றி ஜெஃபர்ஸன் எழுதிவைத்த ஒரு கதை ஞாபகம் வருகிறது. பாரிஸில் ஒரு சீமாட்டி தன் ராஜாவை வெட்டுப்படும் கட்டத்தில் வைத்துவிட, ஃப்ராங்க்ளின் அதை எடுத்துக்கொண்டாராம். நாங்கள் ராஜாக்களை இப்படி எடுப்பதில்லை என்று அவள் சொல்ல, அமெரிக்காவில் எடுப்போம் என்றாராம் மரியாதையின் ஆசான். அதில் ஒரு யுகமே திரும்புகிற நகைச்சுவை இருக்கிறது. ஆர்லிங்டன் ராஜா எந்த யுகத்தையும் திருப்பவில்லை.



விமர்சனம் எழுதுகிற எனக்கு இதிலெல்லாம் சொந்த அக்கறை ஒன்று உண்டு. நம் சிறுபத்திரிகைகளில் வசைக்குக் குறைவிருந்ததில்லை. அதற்கு மாற்றாக நாம் கண்டுபிடித்ததோ முதுகு சொறிதல். இரண்டும் ஆளைப் பற்றியவை. ஆட்டத்தைப் பற்றி இரண்டிலும் ஒரு வார்த்தை இருப்பதில்லை.

ஸ்பாஸ்கியின் கைதட்டலை இப்போது வேறு விதமாகப் பார்க்க முடிகிறது. அவர் ஃபிஷருக்கு மரியாதை செய்யவில்லை. தன்னைத் தோற்கடித்த ஆட்டம் நல்ல ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னார். தன் நஷ்டம் அந்தத் தீர்ப்பில் குறுக்கிட அவர் விடவில்லை. அதே போட்டியில், சில வாரங்கள் கழித்து, அவருடைய தரப்பு அமெரிக்கர்கள் ஏதோ மின்சாரத் தந்திரம் செய்வதாகப் புகார் கொடுத்தது. சோதித்ததில் விளக்குக்குள் செத்த ஈக்கள் இரண்டு கிடைத்தன. ஆக, ஈக்களைத் தேடியவர்களும் கைதட்டியவரும் ஒரே கூடாரத்தில்தான் இருந்தார்கள். ஒரு மனிதனுக்குள்ளும் இரண்டும் இருக்கலாம்.

2004இல் ஃபிஷர் ஜப்பானில் கைதானார். அதற்குள் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது யூத வெறுப்பும் விஷமும்தான். ஸ்பாஸ்கி அமெரிக்க ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். என்னையும் கைது செய்யுங்கள், ஃபிஷரின் அறையிலேயே அடையுங்கள், ஒரு சதுரங்கப் பலகை கொடுங்கள் என்று கேட்டார். ஃபிஷர் 2008இல் ரேக்யவிக்கிலேயே செத்துப்போனார். ஸ்பாஸ்கி 2025 பிப்ரவரியில்.

அந்தத் தலைமைக் காசாளர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அந்த நிலை எனக்கு இன்னும் காய் காயாக ஞாபகம் இருக்கிறது. குதிரையைப் பின்னுக்கு எடுத்திருக்க வேண்டும்.